ஈரத்தோடு சருகு சேரட்டும்: வாசகர் கேள்வி–பதில்

வீட்டுக் குப்பையைக் குறைப்பது பற்றிக் கேள்விகள் அனுப்பும்படி சென்ற இதழில் கேட்டிருந்தோம். வந்த கடிதங்களில் பாதிக்குமேல் ஒரே கதையைச் சொல்கின்றன: ஆசையாகத் தொடங்கினோம், நாறியது, நிறுத்திவிட்டோம். ஆகவே அந்தக் கேள்விக்கே முதலிடமும் கூடுதல் இடமும் தந்திருக்கிறேன்.

கேள்வி: அடுக்குமாடிக் குடியிருப்பில் மூன்றாவது மாடியில் வசிக்கிறோம். பால்கனியில் மூடி போட்ட பிளாஸ்டிக் வாளி ஒன்றை வைத்துக் காய்கறித் தோல், பழத் தோல் எல்லாவற்றையும் போட்டுவந்தோம். பத்தே நாளில் பக்கத்து வீட்டார் வந்து கேட்கும் அளவுக்கு நாற்றம். திறந்து பார்த்தால் புழு. மாடிவீட்டில் இருப்பவர்களுக்கு உரம் தயாரிப்பது சரிப்பட்டு வராதா?

பதில்: நன்றாகவே சரிப்பட்டு வரும். உங்கள் வாளிக்குள் ஈரம் மட்டும் போயிருக்கிறது, உலர்ந்த பொருள் எதுவும் போகவில்லை. குறை அவ்வளவுதான். காய்கறி, பழத் தோல்களின் எடையில் ஏறத்தாழ 80 முதல் 90 விழுக்காடு வரை நீர்தான். துளையில்லாத வாளியில் அவை ஒன்றன்மேல் ஒன்றாக அமுங்கும்போது நீர் கசிந்து அடியில் தேங்குகிறது, இடைவெளிகளில் இருந்த காற்று வெளியேறிவிடுகிறது, காற்றில்லாமல் வாழும் நுண்ணுயிர்கள் பெருகிவிடுகின்றன. அவை வெளிவிடும் அமிலங்களும் கந்தகம் கலந்த வாயுக்களும்தான் உங்கள் பக்கத்து வீட்டாரை வாசலுக்கு வரவழைத்தன. அங்கே நடந்தது அழுகல். காற்றோடு நடக்கும் மட்குதலில் அந்த நாற்றம் எழுவதில்லை.

என் முதல் வாளியும் இப்படித்தான் ஆயிற்று. மூன்றாவது வாரத்தில் அதைப் பழைய செய்தித்தாள்மீது கவிழ்த்தேன். அடியில் இரண்டு விரல் ஆழத்துக்குக் கறுத்த கூழ் இருந்தது, கிட்டே போக முடியவில்லை. ஆனால் அந்தக் கூழுக்கு நடுவே, எப்போதோ கை தவறி விழுந்திருந்த முட்டை அட்டையின் கிழிந்த துண்டு ஒன்று கிடந்தது. அந்தத் துண்டைச் சுற்றி ஒரு கைப்பிடி அளவுக்கு மட்டும் கழிவு பழுப்பு நிறத்தில், பொலபொலவென்று, நாற்றமே இல்லாமல் இருந்தது. அதன்மீது மெல்லிய வெள்ளை இழைகள் படர்ந்திருந்தன. அட்டை ஈரத்தை உறிஞ்சி, தன் மடிப்புகளுக்குள் காற்றைப் பிடித்துவைத்து, அந்த ஒரு கைப்பிடியை மட்டும் காப்பாற்றியிருந்தது. உரம் தயாரிப்பதைப் பற்றி நான் கற்றதில் பெரும்பகுதி அந்த அட்டைத் துண்டிலிருந்து கற்றதுதான்.

இதன் காரணம் எளிது. கழிவை மட்கச் செய்யும் நுண்ணுயிர்களுக்கு எரிபொருளாகக் கார்பனும், உடலை வளர்த்துக்கொள்ள நைட்ரஜனும் வேண்டும். ஒரு பங்கு நைட்ரஜனுக்கு 25 முதல் 30 பங்கு வரை கார்பன் இருந்தால் அவை தடையின்றி வேலை செய்கின்றன. சமையலறைக் கழிவில் கார்பன் பெரும்பாலும் 15 முதல் 20 பங்குதான் இருக்கும். காய்ந்த சருகில் அது 50 பங்குக்கு மேல், அட்டையிலும் மரத்தூளிலும் சில நூறு பங்கு. ஆகவே இரண்டையும் கலந்தால்தான் கணக்குச் சரியாகும். இந்த எண்களை மனப்பாடம் செய்யவேண்டாம். ஒரு கிண்ணம் ஈரக்கழிவு போட்டால் ஒன்றரை முதல் இரண்டு கிண்ணம் உலர்ந்த சருகோ துண்டாக்கிய அட்டையோ போடுவது என்ற வழக்கத்தை வைத்துக்கொண்டால் போதும்.

உங்கள் வாளியைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள். உள்ளே இருப்பதை வெளியே கொட்டி, அதைப்போல இரண்டு மடங்கு அளவுக்கு அட்டையைச் சிறிதாகக் கிழித்துப் போட்டுக் கிளறுங்கள். வாளியின் பக்கங்களிலும் அடியிலும் பென்சில் நுழையும் அளவுக்குத் துளைகள் இட்டு, கீழே ஒரு தட்டு வைத்து, அடியில் ஒரு சாண் உயரத்துக்குச் சருகு பரப்பி, கலவையை மீண்டும் நிரப்புங்கள். மேலே எப்போதும் இரண்டு விரல் கனத்துக்கு உலர்ந்த சருகோ அட்டைத் துண்டுகளோ போர்வையாக இருக்கட்டும், ஈரக்கழிவு கண்ணுக்குத் தெரியவே கூடாது. மூன்று, நான்கு நாளுக்கு ஒருமுறை அடிவரை கிளறிவிடுங்கள். நாற்றம் இரண்டொரு நாளில் அடங்கிவிடும்.

ஈரம் சரியாக இருக்கிறதா என்று அறியக் கருவி எதுவும் தேவையில்லை. கலவையில் ஒரு பிடி எடுத்து இறுகப் பிழியுங்கள். விரலிடுக்கில் ஓரிரு சொட்டு மட்டும் கசிந்தால் ஈரம் சரி. நீர் ஒழுகினால் சருகு சேருங்கள். கையைத் திறந்ததும் பிடி உதிர்ந்துபோனால் சிறிது தண்ணீர் தெளியுங்கள். மூக்கும் உதவும்: அழுகிய முட்டை நாற்றம் என்றால் காற்றுப் போதவில்லை, கண்ணைக் கரிக்கும் அம்மோனியா நெடி என்றால் நைட்ரஜன் மிகுந்துவிட்டது. முன்னதற்குக் கிளறலும் சருகும், பின்னதற்குச் சருகு மட்டும் மருந்து.

புழுவைப் பற்றி ஒரு சொல். தட்டையாக, வளையம் வளையமாக, மங்கிய பழுப்பு நிறத்தில், ஏறத்தாழ இரண்டு சென்டிமீட்டர் நீளத்துக்கு வளர்பவை என்றால் அவை பெரும்பாலும் கறுப்புச் சிப்பாய் ஈ எனப்படும் ஈயின் புழுக்கள். அந்த ஈ கடிப்பதில்லை, வீட்டு ஈயைப்போல உணவில் வந்து மொய்ப்பதுமில்லை. அதன் புழுக்கள் கழிவை மிக வேகமாகத் தின்று தீர்ப்பவை. அருவருப்பாக இருக்கிறது என்பதை மறுக்கமாட்டேன், ஆனால் தீங்கில்லை. உலர்ந்த போர்வையைக் கனமாக்கினால் ஈ முட்டையிட வழியின்றிப் புழுவும் குறைந்துவிடும்.

கேள்வி: எதைப் போடலாம், எதைப் போடக்கூடாது என்பதில் ஆளாளுக்கு ஒன்று சொல்கிறார்கள். எலுமிச்சைத் தோல், முட்டை ஓடு, தேயிலைப் பை, மீந்துபோன சமைத்த உணவு ஆகியவற்றைப் பற்றித் தெளிவாகச் சொல்வீர்களா?

பதில்: எலுமிச்சை, ஆரஞ்சுத் தோல்களைப் பற்றிய அச்சம் மண்புழுத் தொட்டியிலிருந்து வந்தது, அங்கே அவை ஆகா. சாதாரண உரத்தொட்டியில் சிறிதாக நறுக்கிப் போட்டால் சற்றுத் தாமதமாக மட்கும், வேறு கெடுதி இல்லை. முட்டை ஓட்டை அப்படியே போட்டால் ஆண்டு கடந்தும் துண்டு துண்டாகக் கண்ணில் படும். காயவைத்துப் பொடித்துப் போட்டால் சுண்ணாம்புச் சத்து மண்ணில் கலக்கும். தேயிலையும் காப்பிச் சக்கையும் மிக நல்ல சரக்கு. ஆனால் தேயிலைப் பைகள் பலவற்றில் ஓரங்களை ஒட்டப் பிளாஸ்டிக் இழை சேர்க்கப்படுகிறது, ஆகவே பையைக் கிழித்து இலையை மட்டும் போடுங்கள்.

சமைத்த உணவு, இறைச்சி, மீன், பால் பொருள்கள், எண்ணெய் ஆகியவை மட்காதவை அல்ல. சிறிய வீட்டுத் தொட்டி போதிய அளவு சூடேறுவதில்லை என்பதே சிக்கல். நோய்க்கிருமிகள் சாகவேண்டுமானால் குவியல் 55 டிகிரி செல்சியசுக்கு மேல் சில நாள்கள் தொடர்ந்து இருக்கவேண்டும். அந்த வெப்பத்தைத் தக்கவைக்க ஏறத்தாழ ஒரு கனமீட்டர் குவியலாவது தேவை. பால்கனி வாளியில் அது நடக்காது. எலியும் ஈயும் முதலில் தேடி வருவதும் இவற்றைத்தான். வேண்டுமானால் ஜப்பானில் உருவான போகாஷி முறையைக் கையாளலாம். காற்றுப் புகாத வாளியில், லாக்டிக் அமில பாக்டீரியா முதலிய நுண்ணுயிர்கள் ஏற்றப்பட்ட தவிட்டைத் தூவிச் சமைத்த உணவையும் சேர்த்துப் புளிக்கவைப்பார்கள். இரண்டு வாரம் கழித்து வெளியே வருவது உரமாகாது, ஊறுகாய் போன்ற இடைநிலைப் பொருள்தான். அதை மண்ணில் புதைத்தோ உரத்தொட்டியில் சேர்த்தோதான் முடிக்கவேண்டும். இதைச் சொல்லாமலே விற்கிறார்கள் என்பதால் குறிப்பிடுகிறேன்.

நாய், பூனைக் கழிவு வேண்டவே வேண்டாம். அவற்றில் மனிதருக்குத் தொற்றக்கூடிய ஒட்டுண்ணிகளின் முட்டைகள் இருக்கலாம்.

கேள்வி: நான் பிரித்துக் கொடுத்தாலும் குப்பை வண்டியில் எல்லாவற்றையும் ஒன்றாகத்தான் கொட்டுகிறார்கள். பிறகு நான் ஏன் பிரிக்கவேண்டும்?

பதில்: உங்கள் சலிப்பு நியாயமானது. ஆனாலும் வண்டிவரை வருவதற்கு முன்பே உங்கள் கையில் இருக்கும் அதிகாரத்தைப் பாருங்கள். உலக வங்கி 2018இல் வெளியிட்ட கணக்கின்படி, உலகின் நகராட்சிக் குப்பையில் 44 விழுக்காடு உணவுக் கழிவும் செடிகொடிக் கழிவும். வீட்டிலேயே அதை உரமாக்கிவிட்டால் வண்டி எப்படி நடந்துகொண்டாலும் அந்தப் பகுதி அதில் ஏறப்போவதே இல்லை.

அது குப்பைமேட்டுக்குப் போனால் என்ன ஆகும்? முதல் கேள்வியில் வந்த வாளியில் நடந்ததுதான் மலையளவில் நடக்கும். அடியில் காற்றில்லாமல் புதைந்த உணவுக்கழிவு மீத்தேன் வாயுவை வெளிவிடும். புவியைச் சூடாக்குவதில் அது நூறாண்டுக் கணக்கில் கார்பன் டை ஆக்சைடைவிட ஏறத்தாழ 28 மடங்கும், 20 ஆண்டுக் கணக்கில் 80 மடங்குக்கு மேலும் வலியது. அதே தோல் உங்கள் தொட்டியில் காற்றோடு மட்கினால் மீத்தேன் மிகக் குறைவாகவே உண்டாகும்.

இன்னொன்று: ஈரம் படாத தாளுக்கும் அட்டைக்கும் கேட்பார் உண்டு. அதே அட்டையில் குழம்பு சிந்திவிட்டால் அது வெறும் குப்பை. பிரிப்பதன் பயனில் பாதி வீட்டுக்குள்ளேயே, ஈரமும் உலர்ந்ததும் ஒன்றையொன்று தொடாமல் வைக்கும் அந்த நேரத்திலேயே கிடைத்துவிடுகிறது. உலர்ந்தவற்றைத் தனியே சேர்த்துவைத்து, மாதம் ஒருமுறை பழைய பொருள் எடுப்பவரிடம் நேராகக் கொடுத்தால் வண்டியை நம்பவேண்டிய தேவையும் குறையும். அதோடு, ஒன்றாகக் கொட்டப்படுவதைப் பற்றி உங்கள் குடியிருப்புச் சங்கத்தின் பெயரில் எழுத்து மூலம் முறையிடுங்கள். பிரித்துக் கொடுப்பவர்கள் கேட்டால்தான் அந்தக் கேள்விக்கு வலு உண்டு.

கேள்வி: “மட்கக்கூடியது” என்று அச்சிட்ட பைகளைத் தேடி வாங்கித் தொட்டியில் போட்டேன். எட்டு மாதமாகிறது, எழுத்துக்கூட அழியவில்லை. ஏமாற்றப்பட்டேனா?

பதில்: முழுக்கப் பொய் என்று சொல்லமுடியாது, முழு உண்மையும் அல்ல. இவ்வகைப் பைகளிலும் குவளைகளிலும் பரவலாகப் பயன்படும் பாலிலாக்டிக் அமிலம் என்னும் பொருள், ஏறத்தாழ 58 டிகிரி வெப்பத்தில் இயங்கும் பெரிய உர ஆலையில்தான் சில மாதங்களில் மட்கும். வீட்டுத் தொட்டியின் இளஞ்சூட்டில் அது ஆண்டுக்கணக்கில் அசையாது. பையின்மீது வீட்டிலேயே மட்கும் என்று தனியாகச் சான்று பெற்றிருந்தால் மட்டும் நம்பலாம்.

“உயிரிச் சிதைவுறும்” என்ற சொல்லுக்கு இன்னும் எச்சரிக்கை தேவை. எவ்வளவு காலத்தில், எந்தச் சூழலில் என்பதை அந்தச் சொல் சொல்வதில்லை. சாதாரணப் பிளாஸ்டிக்கில் வேதிப்பொருள் கலந்து விரைவில் உடையும்படி செய்த ஆக்சோ வகைப் பைகள் மட்காமல் நுண்துகள்களாக நொறுங்குகின்றன. ஐரோப்பிய ஒன்றியம் 2019இல் இயற்றிய சட்டத்தின்கீழ் அவ்வகைப் பொருள்களைத் தடை செய்திருக்கிறது. ஈரக்கழிவுக் கூடைக்கு உறை எதற்கு என்றுதான் நான் கேட்பேன். அடியில் செய்தித்தாளை மடித்துப் போடுங்கள். கழிவோடு சேர்ந்து அதுவும் தொட்டிக்குள் போய் உரமாகிவிடும்.

கேள்வி: பிளாஸ்டிக் டப்பாக்களின் அடியில் முக்கோணத்துக்குள் எண் இருக்கிறது. முக்கோணம் இருந்தால் மறுசுழற்சி ஆகும் என்றுதானே பொருள்?

பதில்: இல்லை. இந்தத் தவறான எண்ணம் உலகெங்கும் பரவியிருப்பதால் இதைச் சற்று விளக்கமாகச் சொல்லவேண்டும். மூன்று அம்புகள் சுற்றிவரும் மறுசுழற்சிச் சின்னத்தை 1970இல் கேரி ஆண்டர்சன் என்ற அமெரிக்க மாணவர் ஒரு போட்டிக்காக வரைந்தார். 1988இல் அமெரிக்கப் பிளாஸ்டிக் தொழில் சங்கம், எந்த வகைப் பிளாஸ்டிக் என்று அடையாளம் காண 1 முதல் 7 வரை எண்களை வகுத்தபோது அதே போன்ற அம்பு முக்கோணத்துக்குள் எண்ணை வைத்தது. எண் பொருளின் வகையைச் சொல்கிறது, அவ்வளவே. அது மறுசுழற்சி ஆகும் என்ற உறுதிமொழி அதில் இல்லை. குழப்பத்தைத் தவிர்க்க 2013இல் அம்புகளுக்குப் பதில் வெறும் முக்கோணம் போதும் என்று தர விதியை மாற்றினார்கள், ஆனாலும் பழைய அச்சுகள் இன்றும் புழக்கத்தில் உள்ளன.

நடைமுறையில் 1 என்ற எண்ணுள்ள தண்ணீர் பாட்டில்களுக்கும், 2 என்ற எண்ணுள்ள கெட்டியான ஷாம்பு, சோப்புத் திரவ பாட்டில்களுக்கும் பெரும்பாலான இடங்களில் வாங்குவோர் உண்டு. 5 என்ற எண்ணுள்ள டப்பாக்களைச் சில இடங்களில் எடுப்பார்கள். 3, 6, 7 எண்ணுள்ளவை பெரும்பாலும் எங்கும் போவதில்லை. தின்பண்டப் பொட்டலங்களின் உள்ளே பளபளக்கும் உறை, பிளாஸ்டிக்கும் அலுமினியப் பூச்சும் பிரிக்கமுடியாதபடி ஒட்டிய அடுக்கு. அதை மறுசுழற்சிக் கூடையில் போடுவது மனத்திருப்திக்கு மட்டுமே உதவும்.

2017இல் வெளியான ஓர் ஆய்வின்படி, 2015 வரை உலகில் உருவான ஏறத்தாழ 630 கோடி டன் பிளாஸ்டிக் குப்பையில் 9 விழுக்காடுதான் மறுசுழற்சி செய்யப்பட்டது, 12 விழுக்காடு எரிக்கப்பட்டது, மீதி 79 விழுக்காடு குப்பைமேட்டிலோ நிலத்திலோ நீரிலோ கிடக்கிறது. ஆகவே பிளாஸ்டிக்கைப் பொறுத்தவரை, கூடையில் சரியாகப் போடுவதைவிடக் கடையில் வாங்காமல் இருப்பதில்தான் என் நம்பிக்கை இருக்கிறது. மற்றப் பொருள்களின் கதை வேறு. அலுமினியத்தைத் தாதுவிலிருந்து எடுப்பதோடு ஒப்பிட்டால், பழைய டப்பாவை உருக்கிச் செய்வதில் ஏறத்தாழ 95 விழுக்காடு ஆற்றல் மிச்சமாகும். கண்ணாடி பாட்டிலை எத்தனை முறை உருக்கினாலும் தரம் குறையாது. தாளின் இழை ஒவ்வொரு சுற்றிலும் குட்டையாகி ஐந்து முதல் ஏழு முறை வரை தாங்கும். ஒரே மாதிரியான இரண்டு பொருள்களில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க நேர்ந்தால், இந்த வேறுபாட்டை நினைவில் வைத்து எடுங்கள்.

கடை ரசீதுகளைத் தாளோடு சேர்க்கவேண்டாம். நகத்தால் கீறினால் கறுப்புக் கோடு விழும் ரசீது வெப்பத்தில் அச்சாகும் தாள். அதன் பூச்சில் பெரும்பாலும் உடலின் ஹார்மோன்களைக் குலைக்கக்கூடிய பிஸ்பீனால் வகை வேதிப்பொருள் இருக்கும், உரத்தொட்டிக்கும் அது ஆகாது.

கேள்வி: டப்பாக்களைக் கழுவித்தான் போடவேண்டும் என்கிறீர்கள். தண்ணீர் வீணாகாதா?

பதில்: பளபளவென்று தேய்க்கவேண்டாம். பாத்திரம் அலசிய கடைசித் தண்ணீரில் ஒருமுறை ஆட்டி, கவிழ்த்து உலரவைத்தால் போதும். உணவு ஒட்டியிருக்கக் கூடாது, ஈரம் இருக்கக் கூடாது. இந்த இரண்டையும் பார்த்தால் போதும்.

கேள்வி: மண்புழு உரம் சிறந்தது என்கிறார்கள். தோட்டத்தில் தோண்டி எடுத்த புழுக்களைத் தொட்டியில் விட்டேன், ஒரு வாரத்தில் எல்லாம் செத்துவிட்டன.

பதில்: தோட்டத்தில் தோண்டும்போது கிடைப்பவை பெரும்பாலும் மண்ணைத் துளைத்து ஆழத்தில் வாழும் இனங்கள். அவற்றுக்குத் தொட்டிக்குள் வாழத் தெரியாது. உரத்துக்கு வேண்டியவை, மேற்பரப்பில் அழுகும் இலைதழைகளுக்குள் கூட்டமாக வாழும் இனங்கள். ஐசீனியா ஃபெட்டிடா என்னும் செம்புழு அவற்றில் பெயர்பெற்றது. 15 முதல் 25 டிகிரி வரை அதற்கு மிகவும் ஏற்றது, 35 டிகிரியைத் தாண்டினால் சாகத் தொடங்கும். நல்ல சூழலில் நாளொன்றுக்குத் தன் எடையில் பாதிவரை தின்னும், ஆகவே ஒரு கிலோ புழுவுக்கு அரைக் கிலோ கழிவு என்பது மேல் வரம்பு. முதல் மாதத்தில் அதில் பாதிகூட வேண்டாம். ஈரமான தாள், அட்டை ஆகியவற்றால் படுக்கை அமைத்து, வெயில் படாத மூலையில் வையுங்கள். எலுமிச்சை, வெங்காயம், உப்பு, எண்ணெய் எதுவும் கூடாது. புதிதாகச் சேர்த்த கழிவு கனமாக இருந்தால் அது சூடேறும், அந்தச் சூட்டிலும் புழுக்கள் சாகும். உங்கள் தொட்டியில் இந்த இரண்டாவது காரணமும் இருந்திருக்கலாம்.

சார்லஸ் டார்வின் தம் கடைசி நூலை 1881இல் மண்புழுக்களைப் பற்றித்தான் எழுதினார். உலக வரலாற்றில் இவ்வளவு பெரிய பங்காற்றிய உயிர்கள் வேறு பல இருக்குமா என்று அதில் அவர் ஐயப்பட்டார். தொட்டியைத் திறக்கும்போதெல்லாம் எனக்கு அது நினைவுக்கு வரும். இருந்தாலும், புதிதாகத் தொடங்குபவருக்கு முதலில் சாதாரணத் தொட்டியைத்தான் சொல்வேன். சருகு குறைந்தால் அது நாற்றத்தால் எச்சரிக்கும், நீங்கள் திருத்திக்கொள்ளலாம். புழுவுக்கு அந்த அவகாசம் இல்லை.

கேள்வி: உரம் தயாராகிவிட்டது என்று எப்படித் தெரிந்துகொள்வது? எங்களிடம் தோட்டமும் இல்லை.

பதில்: கிளறிக் கவனிக்கப்படும் தொட்டியில் இரண்டு மூன்று மாதம், கவனிப்பில்லாமல் விட்டால் ஆறு மாதம் முதல் ஓராண்டு. நாள்காட்டியைவிடக் கைக்கே நன்றாகத் தெரியும். தொட்டியின் அடிப்பகுதியில் ஒரு பிடி அள்ளி வெளிச்சத்தில் பாருங்கள். கரும்பழுப்பாக இருக்கும், விரலிடையில் தேய்த்தால் பொடியும், எது தோல், எது இலை என்று பிரித்துச் சொல்லமுடியாது. அளவில் மூன்றில் ஒரு பங்காகச் சுருங்கியிருக்கும், தொட்டால் சூடிருக்காது. முகர்ந்தால் முதல் மழை பெய்த மண்ணின் மணம் வரும். அந்த மணம் கற்பனையன்று. மழை நனைத்த மண்ணிலும் முதிர்ந்த உரத்திலும் வாழும் ஒரே வகை நுண்ணுயிர்கள் சுரக்கும் ஜியோஸ்மின் என்ற பொருளே அதற்குக் காரணம்.

ஐயமாக இருந்தால், ஈரமான உரத்தைச் சிறிது எடுத்துக் காற்றுப் புகாத பையில் மூன்று நாள் கட்டிவையுங்கள். திறக்கும்போது மண் மணம் மாறாமல் இருந்தால் முடிந்தது, புளிப்பு வாடை வந்தால் இன்னும் சில வாரம் வேண்டும். அரைகுறை உரத்தைச் செடிக்கு இட்டால் அது மண்ணில் இருக்கும் நைட்ரஜனைத் தான் எடுத்துக்கொண்டு, இலைகளை மஞ்சளாக்கிவிடும். முதிர்ந்த உரத்தையும் தனியாக நிரப்பாதீர்கள், மூன்று பங்கு மண்ணுக்கு ஒரு பங்கு போதும். தோட்டம் இல்லையென்றால் தொட்டிச் செடி வளர்க்கும் அண்டை வீட்டாரையோ தெருமரத்தின் அடியையோ தேடுங்கள். நான் உரம் கொடுத்த வீடுகளில் இரண்டு, இப்போது தங்கள் தோலையும் சருகையும் தாங்களே சேர்க்கத் தொடங்கியிருக்கின்றன.

கேள்வி: “மறுபடி பயன்படும்” என்று கண்ணாடிச் சீசா, பிளாஸ்டிக் டப்பா, பை எல்லாவற்றையும் சேர்த்துவைக்கிறேன். வீடு கிடங்காகிவிட்டது என்று குடும்பத்தார் கோபிக்கிறார்கள். யார் பக்கம் நியாயம்?

பதில்: இரு பக்கமும் என்று சொல்லி நழுவ விரும்பவில்லை. குடும்பத்தார் பக்கம்தான். பரணில் உறங்கும் சீசாவுக்கு மறுபயன்பாடு என்று பெயரில்லை, அது எறியப்படத் தாமதமாகும் குப்பை. நான் கைக்கொள்ளும் முறை இது: கையில் எடுத்த பொருள் அடுத்து எதற்குப் பயன்படப்போகிறது என்று அந்த நேரத்திலேயே பெயர் சொல்ல முடிந்தால் வைத்துக்கொள்வேன், முடியாவிட்டால் அன்றே மறுசுழற்சிக்குப் போகும். வைப்பதற்கு ஒரே ஒரு பெட்டி, அது நிறைந்தால் புதிதாக ஒன்று வர பழையது ஒன்று வெளியேறும். பழைய பருத்தித் துணியைக் கைக்குட்டை அளவில் வெட்டித் துடைப்பதற்கு வைத்தால் தாள்த் துவாலை வாங்கும் செலவே நின்றுவிடும். அகன்ற வாய்க் கண்ணாடிச் சீசாக்கள் பருப்பு, பொடி வகைகளுக்கு ஆண்டுக்கணக்கில் உழைக்கும். ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் டப்பாக்களில் சூடான உணவையோ எண்ணெய் உணவையோ வைக்காதீர்கள், அவை அதற்காகச் செய்யப்பட்டவை அல்ல. துணிப்பை நல்லதுதான், ஆனால் இலவசமாகக் கிடைக்கிறது என்று இருபது சேர்ப்பதில் பயன் இல்லை. ஒரு பருத்திப் பையை உருவாக்கச் செலவாகும் நீரும் ஆற்றலும் ஈடாகவேண்டுமானால், அதே ஒரு பை கிழியும்வரை கடைக்குப் போய்வரவேண்டும்.

கேள்வி: தீர்ந்த பேட்டரி, பழைய கைபேசி, காலாவதியான மாத்திரை?

பதில்: மூன்றும் எந்தக் கூடையிலும் விழக்கூடாதவை. லித்தியம் பேட்டரி நசுங்கினால் தீப்பற்றும், குப்பை வண்டிகள் எரிவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். முனைகளில் ஒட்டுநாடா ஒட்டி, தனி டப்பாவில் சேர்த்து, மின்கழிவு பெறும் இடத்தில் கொடுங்கள். 2022இல் உலகில் உருவான 6.2 கோடி டன் மின்கழிவில் 22.3 விழுக்காடுதான் முறையாகச் சேகரிக்கப்பட்டதாகப் பதிவாகியிருக்கிறது. மாத்திரையைக் கழிப்பறையில் கொட்டினால் மருந்து நீர்நிலைக்குப் போகும். திரும்பப் பெறும் மருந்தகம் அருகில் இருந்தால் அங்கே கொடுங்கள்.

கேள்வி: இருவரும் வேலைக்குப் போகிறோம். எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்ற முடியாது. எதிலிருந்து தொடங்குவது?

பதில்: தொட்டி வாங்குவதற்கு முன்னால், ஏழு நாள் எடை போடுங்கள். ஐக்கிய நாடுகள் சுற்றுச்சூழல் திட்டம் 2024இல் வெளியிட்ட அறிக்கை, 2022இல் உலகில் 105 கோடி டன் உணவு வீணானது, அதில் 60 விழுக்காடு வீடுகளிலிருந்து வந்தது என்கிறது. ஆளுக்கு ஆண்டுக்கு 79 கிலோ, அதாவது நாளொன்றுக்கு 200 கிராமுக்குச் சற்று மேல். அந்தக் கணக்கில் தோலும் எலும்பும் உண்டு என்பதால், எதை உண்ண முடிந்திருக்கும், எதை முடியாது என்று உங்கள் வீட்டில் பிரித்து எழுதவேண்டும். சமையலறைச் சுவரில் ஒரு தாளை ஒட்டி, ஈரக்கழிவுக் கிண்ணத்தை இரவில் ஒருமுறை எடை போட்டு, தோலும் காம்பும் எவ்வளவு, உண்ணாமல் கெட்டது எவ்வளவு என்று இரண்டு கட்டங்களில் குறியுங்கள். ஒரு நாளைக்கு இரண்டு நிமிடம் ஆகும்.

வார முடிவில் இரண்டாவது கட்டத்தின் கூட்டுத்தொகையைப் பாருங்கள். அது பெரிதாக இருந்தால் உரம் தயாரிப்பது உங்கள் முதல் வேலையன்று. வாங்கும் அளவையும் சமைக்கும் அளவையும் குறைப்பதே முதல் வேலை, ஏனென்றால் விளைவிக்கவும் கொண்டுவரவும் செலவான நீரையும் எரிபொருளையும் எந்த உரத்தொட்டியும் மீட்டுத் தராது. முதல் கட்டம் பெரிதாக இருந்தால், அந்த எடையை வைத்தே தொட்டியின் அளவைத் தீர்மானிக்கலாம். துளையிட்ட தொட்டிகள் இரண்டாக வைத்துக்கொள்ளுங்கள்: ஒன்று நிறையும்வரை மற்றொன்று காலியாக இருக்கட்டும், அது நிறையத் தொடங்கும்போது முதலாவது மட்கிக்கொண்டிருக்கட்டும். தொட்டிகளுக்கு முன்பே ஒரு சாக்குச் சருகையோ கிழித்த அட்டையையோ சேர்த்து வைத்துவிடுங்கள். ஈரக்கழிவு தானாக வந்துகொண்டே இருக்கும், சருகைத்தான் தேடிப் போய்ச் சேர்க்கவேண்டும்.